அசையாதவற்றின் பட்டியல்

புகார் ஒரே வரிதான். "கைக்கு ஈரம் தெரியுது, கண்ணுக்குத் தெரியல." அனுப்பியவர் கலாமணி, வயது ஐம்பத்தெட்டு, திருப்பூர்.

முதல் தடவை அது வந்தபோது எங்கள் உதவிப் பிரிவு, 'ஈரத்தை உணர்த்தும் வசதி நம் கருவியில் இல்லை' என்று பதில் போட்டு மூடியது. இரண்டாம் தடவை, 'தண்ணீருக்கு நிறம் கிடையாது' என்று ஆறாம் வகுப்புப் பாடம் நடத்தியது. மூன்றாம் தடவையும் ஓர் எழுத்துகூட மாறாமல் அதே வரி வந்து நின்றதும், எங்கள் தலைவி வினோதினி அக்கா அதை என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

"இசக்கி, திருப்பூர் இங்கேருந்து ஒன்றரை மணி நேரம்தான். நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடேன். மூணு தடவ ஒரே வரிய எழுதறவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

"பைத்தியக் கோட்டிக்காரங்களும் ஒரே வரியத்தான் எழுதுவாங்க அக்கா."

"அப்ப உனக்கு ஒத்துப்போகும். கெளம்பு."

என் பெயர் இசக்கிதுரை. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். கோயம்புத்தூரில், பார்வை போனவர்களுக்குச் செயற்கைக் கண் செய்யும் கம்பெனியில் வேலை. அதற்கு முன் ஒன்பது வருடம் வீடியோ கேம் செய்து பிழைத்தவன். வினோதினி அக்காவும் அங்கிருந்து வந்தவர்தான். துப்பாக்கியும் ரத்தமும் வரைந்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக இங்கே வந்தோம் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

எங்கள் கண் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். கண்ணாடியில் ஒரு கேமரா. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சில்லு. கேமரா பார்ப்பதைச் சில்லு பொருள் பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைந்து மூளைக்கு அனுப்பும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரைய அதற்குச் சக்தி கிடையாது. அதனால் எதை முதலில் வரைய வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். எதிரே வரும் பஸ் மேலே, சுவரில் தொங்கும் காலண்டர் கீழே. உலகம் சும்மா இருக்குமா? பஸ் போய்விடும், நாய் வரும், பால் பொங்கும். எனவே கண் இமைக்கும் நேரத்துக்குள் பலமுறை பட்டியலைக் கலைத்து வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஓயாமல் வரிசைப்படுத்தினால் சில்லு சூடாகும். சூடு காதுக்குப் பின்னால் சுடும்.

அந்தச் சூட்டைக் குறைத்தவன் நான்தான். கேமில் நாங்கள் காலங்காலமாகச் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. தூண், மரம், கோட்டைச் சுவர் இவையெல்லாம் நகராது. நகராததை எதற்கு ஓயாமல் வரிசைப்படுத்துவது? தனியாக ஒரு பட்டியலில் போட்டு, ஒருமுறை வரைந்து, அதே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் போதும். அதையே இங்கும் கொண்டுவந்தேன். இருபது நிமிடம் ஒரு சாண்கூட நகராத எதுவும் 'அசையாதவை' பட்டியலுக்குப் போய்விடும். அப்போது எடுத்த படமே அது மறுபடி நகரும்வரை தெரியும். சூடு பாதியாகக் குறைந்தது. எனக்கு ஆண்டு விழாவில் கைதட்டலும் ஒரு மிக்ஸியும் கொடுத்தார்கள். மிக்ஸி இன்றும் நன்றாக ஓடுகிறது.

அனுப்பர்பாளையத்தில் அந்த வீட்டுக் கதவைத் திறந்த அம்மா, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"சட்டைல மூணாவது பட்டன் வேற நூல்ல தெச்சிருக்குது தம்பி" என்றார். அதற்குப் பிறகுதான் "வாங்க, உள்ள வாங்க" என்றார்.

இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். தைத்து வரும் பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்கும் வேலை. சர்க்கரை முற்றி நாற்பத்தைந்தாம் வயதில் இரண்டு கண்ணும் போய்விட்டன. பன்னிரண்டு வருடம் கணவர்தான் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் பார்த்திருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து அவரும் விழுந்தார். ஒரே மகள் ஓசூரில், கைக்குழந்தையோடு. கண் தெரியாமலேயே ஒரு வருடத்துக்கு மேல் இந்த அம்மா அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டிருக்கிறார். எங்கள் இலவசத் திட்டத்தில் கண் கிடைத்து நான்கு மாதம் ஆகிறது.

"இவருதானுங்க என்ற ஊட்டுக்காரரு. கட்டிங் மாஸ்டரா இருந்தவரு."

முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் ஈஸ்வரமூர்த்தி படுத்திருந்தார். கழுத்துக்குக் கீழே வலது கையின் இரண்டு விரல்களைத் தவிர எதுவும் அசையாது. பேச்சும் போய்விட்டது. முகம் ஒன்றுதான் இன்னும் அவருடையதாக இருந்தது.

அந்த முகம் அழுதுகொண்டிருந்தது. சத்தமில்லை. வாய் கோணி, மூக்கு விடைத்து, கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுமடலில் தேங்கியிருந்தது. என்னைக் கண்டதும் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. ஓர் ஆண் அப்படி அழுவதை நான் பக்கத்தில் பார்த்ததே கிடையாது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தேன்.

கலாமணியம்மாவோ சாதாரணமாகக் கட்டிலில் உட்கார்ந்து, அவர் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"இதானுங்க தம்பி நான் எழுதுனது. இப்ப இவரு எனக்கு நல்லா சிரிச்ச மொகமாத்தான் படுத்திருக்கறாரு. கன்னம் காஞ்சு கெடக்குது. கைய வெச்சா ஈரம். வேர்வையான்னு பாத்தா நெத்தி காஞ்சிருக்குது. செக்கிங்ல கண்ணு பாஸுன்னு சொன்னாலும் கை ஒத்துக்கோணுங்க. கை ஒத்துக்கலீன்னா அந்த பீஸைத் தனியா எடுத்து வெச்சிருவோம்."

அந்த அம்மா பார்ப்பதை அப்படியே காட்டும் டேப்லெட்டைத் திறந்தேன். கட்டில், தலையணை, போர்வை. போர்வைக்கு மேலே ஈஸ்வரமூர்த்தியின் முகம், அமைதியாக, உதட்டோரத்தில் கொஞ்சம் சிரிப்போடு. படத்தின் மூலையில் நேரம் இருந்தது, பதினொன்று இருபது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால்.

அது என் 'அசையாதவை' பட்டியலிலிருந்து வந்த படம். தூணையும் மரத்தையும் கோட்டைச் சுவரையும் நினைத்து எழுதினேன். ஒரு மனிதன் நாள் முழுக்க ஒரு சாண் நகராமல் கிடப்பான் என்று எங்கள் ஆபீஸில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் சோதித்துப் பார்த்த அறையில் எல்லோரும் நடந்துகொண்டிருந்தோம், டீ குடித்தோம், பந்து விளையாடினோம். படுத்துக் கிடந்தவர் ஒருவரும் இல்லை.

"அம்மா, தப்பு என் பேர்லதான்" என்றேன். பட்டியலைப் பற்றி எனக்குத் தெரிந்த எளிய பாஷையில் சொன்னேன். அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"அதாவது, என்ற ஊட்டுக்காரரை ஒருக்கா பாத்து பாஸ் பண்ணிக் கட்டுக் கட்டி வெச்சுட்டீங்க. பாஸ் ஆன கட்டை யாரும் மறுக்கா பிரிக்க மாட்டாங்க."

"அதேதாம்மா."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா படுக்கப்புண்ணு வராம இருக்கப் பொரட்டிப் படுக்க வெக்கறனே, அப்ப?"

"அப்ப நகர்றாரு இல்லையா. முதல் பட்டியலுக்கு வந்துருவாரு. இருபது நிமிஷம் உள்ளபடி தெரியும். அதுக்கப்புறம் மறுபடியும் படம்தான்."

அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்தார். பிறகு கேட்டார்.

"அப்படீன்னா இப்ப இவரு எப்படி இருக்கறாரு தம்பி?"

ஈஸ்வரமூர்த்தி என்னைப் பார்த்தார். அவருடைய இரண்டு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துக்கொண்டன.

"கண்ணுல தண்ணி வடியுதும்மா" என்றேன். "படுத்தே இருக்கவங்களுக்குச் சில நேரம் அப்படி வடியும்."

பொய் சொல்வதில் எனக்குப் பெரிய பயிற்சி இல்லை. அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. கணவரின் கையைத் தன் கைக்குள் எடுத்து, விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "ஏனுங்க, எதுக்கு இப்ப வேண்டாங்கறீங்க? தண்ணி வேண்டாமா? போர்வை வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "ரெண்டு வெரலையும் கத்திரி மாதிரி வெட்டுனா சரின்னு அர்த்தமுங்க. ஒட்ட வெச்சுக்கிட்டா வேண்டாம். முப்பது வருசம் துணி வெட்டுன கையாச்சே, அதான் கத்திரி. டீ வெக்கறேன், உக்காருங்க."

அவர் சமையலறைக்குப் போனதும் டேப்லெட்டில் பழைய படங்களைத் தேடினேன். ஒரு பொருள் அசையாதவை பட்டியலுக்குள் நுழையும்போது எடுக்கும் படத்தைச் சில்லு நாற்பது நாள் வைத்திருக்கும். ஈஸ்வரமூர்த்தியின் படங்கள் வரிசையாக வந்தன. ஒரு நாளைக்கு ஏழு, எட்டு. நாற்பது நாளைக்கு முந்நூறு வரும். தள்ளிக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும் ஒரே முகம். அமைதி, உதட்டோரத்தில் சிரிப்பு. தூங்கிய படங்களில்தான் சிரிப்பு இல்லை.

முந்நூறு தடவையும் தற்செயலாக அப்படி அமையாது. நான் நிமிர்ந்தேன். அவர் கட்டிலுக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது.

"மாஸ்டர்" என்றேன் மெதுவாக. "இந்த இருபது நிமிஷக் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?"

விரல்கள் கத்திரியாக வெட்டின.

எப்படித் தெரிந்தது என்று அவரால் சொல்ல முடியாது, நானாகத்தான் ஊகித்தேன். அழுதுகொண்டிருக்கும்போது மனைவி வந்து, "என்ன, ஒரே சிரிப்பா இருக்கீங்க இன்னிக்கு" என்று சொல்லியிருப்பார். ஒருமுறை, இருமுறை, பத்துமுறை. முப்பது வருடம் துணியை அளந்து வெட்டியவருக்கு நேரத்தை அளப்பது பெரிய காரியமா? புரட்டிப் போட்டதிலிருந்து இருபது நிமிடம் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார். அந்த அம்மா பார்க்க அதைப் படமாக விட்டுவிட்டு, அந்தப் படத்தின் மறைவில் அழுவார்.

"அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னா?"

வெட்டின.

"நான் இதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன் மாஸ்டர்."

விரல்கள் ஒட்டிக்கொண்டன. நகம் வெளுக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டன. கண் என் மேலேயே இருந்தது. அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் தனியாக என்று எதுவும் மிச்சமில்லை. குளிக்க, துடைக்க, உடுத்த, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் வேண்டும். அழுகை ஒன்றுதான் அவர் வசம் இருந்தது. அதையும் பிடுங்கத்தான் நான் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

டீ வந்தது. "சரியாயிடுங்களா?" என்று கேட்டார் அம்மா. "ரெண்டு மூணு நாள்லம்மா" என்றேன். டீ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். பாதிதான் குடிக்க முடிந்தது.

ஆபீஸில் வினோதினி அக்கா நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். வழக்கமாக நடுவில் ஏதாவது கிண்டல் வரும். அன்று வரவில்லை.

"ஆளுங்க யாரும் ரெண்டாவது பட்டியலுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் இசக்கி, ஒரு வரி மாத்தம்."

"சூடு கொஞ்சம் ஏறும். அது பெரிசில்ல. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் விட்டுருவமா அக்கா?"

"எதை?"

"பழையபடியே. அவரு முகம் படமாவே இருக்கட்டும்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "நாளைக்கு அவருக்குச் சோறு பொரையேறுது. மூச்சு முட்டுது. அந்தம்மா ரெண்டடி தள்ளி உக்காந்து பூ தொடுக்கறாங்க. அவங்களுக்குச் சிரிச்ச மூஞ்சிதான் தெரியும். அப்ப நீ என்ன சொல்லுவ?"

"மூச்சு முட்டினா மட்டும் தெரியற மாதிரி எழுதறேன். மத்த நேரம்..."

"மத்த நேரம் பொண்டாட்டிக்குப் புருஷனோட பொய்ப் படத்த நாம காட்டணும், தெரிஞ்சே. இத்தன நாள் தெரியாம காட்டினோம், அது தப்பு. இனிமே காட்டினா அதுக்குப் பேரு வேற." அந்த ஒரு வரிப் புகாரைத் தட்டிக் காட்டினார். "அவங்க மூணு தடவ எழுதிக் கேட்டிருக்காங்கடா. கண்ணு அவங்களுது."

"முகம் அவருதுல்லா அக்கா."

அக்கா பேனாவை மறுபடி எடுத்தார். அவருடைய அப்பாவும் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவர்தான். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். "வியாழக்கெழம காலைல பத்து மணிக்கு எல்லாருக்கும் அனுப்பு. ஆயிரத்து நூறு பேரு நம்ம கண்ண மாட்டியிருக்காங்க. இன்னும் எத்தன வீட்ல யாரு படமாக் கெடக்கறாங்களோ."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருப்பது தொந்தரவு பிடித்த விஷயம்.

புதன்கிழமை மறுபடி திருப்பூர் போனேன். யாரும் அனுப்பவில்லை. கலாமணியம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கட்டிலருகே முட்டிபோட்டு உட்கார்ந்தேன்.

"மாஸ்டர், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மேல நீங்க எப்பவும் தெரிவீங்க. இருபது நிமிஷக் கணக்கு இனிமே கெடையாது. உங்கட்ட சொல்லாம செய்யக் கூடாதுன்னு வந்தேன். மன்னிச்சுக்கிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பின்வாசலில் ஈரத்துணியை உதறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதையும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு விரல்கள் மெல்ல விரிந்து வெட்டின. ஒரே ஒரு முறை.

சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய மனிதர், ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, திரும்பி வரும் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். மடையன்.

வியாழன் பத்து மணிக்கு மாற்றம் போனது. அன்று மதியமே கலாமணியம்மாவிடமிருந்து செய்தி வந்தது: "இப்ப கண்ணும் கையும் ஒண்ணாச் சொல்லுது. நன்றிங்க." புகாரை மூடினோம். மற்ற வீடுகளிலிருந்தும் செய்திகள் வந்தன. தூங்கும் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவது இப்போது தெரிகிறது என்று ஒரு தாய் எழுதியிருந்தார். அதைப் படித்தபோது, மிக்ஸியை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்று வாரம் கழித்து வினோதினி அக்கா என் மேசைக்கு வந்தார்.

"உன் திருப்பூர் அம்மா கண்ணு, தெனமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு அணைஞ்சுபோகுது. சரியா ஒரு மணி நேரம். பதினாறு நாளா. சூடு தாங்காமக் கழட்டி வெக்கறாங்களோ? நீ பண்ண மாத்தத்தால இருக்கப் போகுது, கேளு."

அன்று இரண்டு மணிக்குச் சற்று முன்னால் போன் செய்தேன்.

"சூடெல்லாம் இல்லீங்க தம்பி" என்றார் கலாமணியம்மா. "நாந்தானுங்க கழட்டறேன்."

"எதுக்கும்மா?"

போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார் என்று தெரிந்தது, கதவுச் சத்தம் கேட்டது.

"நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்கல்ல, அன்னிலேருந்து அவரு மொகத்த நாள் பூராப் பாத்துட்டே இருந்தனுங்க. சிரிச்ச மொகம். சாப்பிடறப்பவும் சிரிச்ச மொகம், பொரட்டறப்பவும் சிரிச்ச மொகம். கன்னத்துல கை வெச்சா காஞ்சு கெடக்குது. மொத நாளு எனக்கு ஒரே சந்தோசம். ரெண்டாம் நாளு, பரவால்லயே மனுசன் தேறிட்டாருன்னு நெனச்சேன். மூணாம் நாளு பாத்தா அந்தச் சிரிப்புல தாடை நடுங்குதுங்க. சோறு எறங்கல. காலைல கண்ண முழிச்சதும் மொதல்ல நான் எங்க இருக்கறேன்னு பாக்கறாரு, பாத்ததும் சிரிப்பு வந்து ஒட்டிக்குது. இருபத்திரண்டு வருசம் செக்கிங் பாத்தவ நான். எல்லா பீஸும் ஒண்ணு போல நல்லாருந்தா, எங்கியோ மறைக்கறாங்கன்னு அர்த்தம்."

அந்தக் கத்திரி எதற்குச் சரி சொன்னது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது நிமிடம் பிடித்து வைத்த முகத்தை இனி நாள் முழுக்கப் பிடித்து வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

"என்ற முன்னால அவரால அழுவ முடியலீங்க தம்பி. பன்னண்டு வருசம் எனக்குக் கண்ணா இருந்தாரு. அவரு அழுதா நான் ஒடஞ்சு போயிருவேன்னு நெனக்கறாரு. அவருக்கும் மனசுல வெசனம், பாரம் இருக்காதுங்களா? அத எங்க கொண்டுபோய் எறக்கி வெப்பாரு, எந்திரிச்சு ஒரு எடத்துக்குப் போக முடியுமா? அதான், அஞ்சாம் நாளு மத்தியானம் சொன்னேன். 'ஏனுங்க, இந்தக் கண்ணாடி போட்டா எனக்குத் தல வலிக்குது. ஒரு மணி நேரம் உங்க கைல வெச்சிருங்க'ன்னு கழட்டி அந்த ரெண்டு வெரலுக்கு நடுவுல வெச்சேன். அவருக்குத் தெரியுங்க, எனக்குத் தலவலி இல்லீன்னு. இருந்தாலும் வாங்கிக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க. அழுதாரு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். இப்ப தெனமும் அப்படித்தான். போதும்னு தோணுச்சுன்னா வெரல்ல கண்ணாடியத் தட்டுவாரு. எடுத்து மாட்டிக்குவேன். இப்ப ரெண்டு நேரமும் சோறு நல்லா எறங்குது."

நான் பட்டியல்காரன். என் மூளை உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மாவின் பார்வையிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரம் வீணாகப் போகிறதே என்று அது கணக்குப் போட்டது.

"அம்மா, நீங்க இருட்டுல உக்கார வேண்டியதே இல்ல. ஒரு மணி நேரத்துக்கு மாஸ்டர மட்டும் பட்டியல்லேருந்து எடுத்துர்றேன். அவரு இருக்கற எடம் மட்டும் உங்களுக்குத் தெரியாது. வீடு, வாசல், டிவி, அடுப்பு எல்லாம் தெரியும். நீங்க பாட்டுக்கு வேலையப் பாக்கலாம். ரெண்டு நாள்ல எழுதிருவேன்."

கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் குரலில் கோபம் இல்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"வேண்டாங்க தம்பி. அவரு அங்க அழுதுட்டிருக்க, நான் இங்க வெளிச்சத்துல உக்காந்து வெங்காயம் உரிக்கறதுங்களா? அவரு இருட்டுல இருந்தா நானும் இருட்டுலதான் இருக்கோணும்."

"சரிம்மா."

"பதிமூணு வருசம் இருந்த எடந்தானுங்க அது, எனக்கு வழியெல்லாம் தெரியும். அவருக்குத்தான் புதுசு." உள்ளேயிருந்து கடிகாரம் அடித்தது. "ரெண்டு மணி ஆச்சுங்க. அவரு காத்துட்டிருப்பாரு. வெச்சர்றனுங்க."

போன் அணைந்தது. என் திரையில் ஆயிரத்து நூறு பெயர்களும், கண் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக, பச்சையாக இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலாமணி என்ற பெயர் சாம்பலாயிற்று. காரணம் கேட்டு ஒரு கட்டம் எழுந்து நின்றது: வெப்பம், வலி, பழுது, மற்றவை.

நான் எதையும் தொடவில்லை. மூன்று மணிக்கு அந்தப் பெயர் மறுபடி பச்சையாகும்வரை வேறு வேலையும் ஓடவில்லை.